கிராம் சேர்

பெட்டரி வாங்க வர்றவங்கள நான் நல்லா பாத்திருக்கேன். ஒருத்தன் வாரன்டி எத்தன மாசம்னு கேப்பான். ஒருத்தன் எந்த நாட்டு சாமான்னு கேப்பான். இன்னொருத்தன் ஒண்ணுமே கேக்க மாட்டான். வண்டி நடுரோட்டுல நிக்குது, மழை வேற, எதையாவது போட்டு வுடு தம்பின்னு கெஞ்சுவான். இவரு மட்டும்தான் கடைக்குள்ள வந்து, கண்ணாடிய மூக்குல தள்ளிவிட்டுக்கிட்டு, "தம்பி, இது எத்தினை கிலோ?"ன்னு கேட்டாரு.

அப்ப நான் கண்டியில கட்டுகஸ்தோட்ட ரோட்டுல ஒரு பெட்டரி கடையில நின்னேன். பன்வில தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒம்பதாம் வகுப்பு வரைக்கும் படிச்சிட்டு, இனி படிச்சா மூளை தேஞ்சிரும்னு நானே முடிவெடுத்து டவுனுக்கு வந்தவன். வாய் மட்டும் சும்மா இருக்காது. "சேர், பொரிக்கவா அவிக்கவா? பொரிக்கிறதுன்னா சின்னதா தாறேன்"னேன்.

அவரு சிரிக்கல. கோவிக்கவும் இல்ல. தோள்ல கெடந்த பேக்க தொறந்து கொக்கி வச்ச தொங்கு தராசு ஒண்ண எடுத்தாரு.

தராச கண்டதும் எங்க மொதலாளி ஹாஜியார் கதிரைய விட்டு எந்திரிச்சிட்டாரு. ஹாஜியாருக்கு ஆள தெரியும். டவுன்ல உள்ள கடைக்கடையா ஏறி தராசு படி எல்லாம் சரியான்னு பாத்து முத்திரை குத்துற கவர்மென்டு உத்தியோகத்தர். ஹாஜியாரோட தம்பி கடைக்கு வருசா வருசம் வர்றவரு. ஹாஜியார் என்னைய ஒரு பக்கமா இழுத்து, "டேய், நம்ம கடையில தராசே இல்லையேடா, இவரு என்னத்துக்கு வந்தீக்கிறாரு?"ன்னு காதுக்குள்ள கேட்டாரு. பதில் சொல்றதுக்குள்ள பிளேன்டீ சொல்லி அனுப்பிட்டாரு, கூட ரெண்டு வட்டலப்பம்.

சேரு வட்டலப்பத்த தொடல. பெட்டரிய ஒவ்வொண்ணா தூக்கி கொக்கியில மாட்டி நிறுத்துப் பாத்துட்டு, எல்லாத்துக்கும் உதட்ட பிதுக்கிட்டு, "பாரம்"னாரு. அப்பறம் வெளிய போனாரு. வெளிய என்ன சத்தம்ங்கிறீங்க. கடை கண்ணாடியெல்லாம் அதிருது. எட்டிப் பாத்தா, பின்னால பலகை மாதிரி செட்டை வச்ச ஒரு வெள்ளிக் கலர் ஜப்பான் டர்போ கார். நான் ஏதோ பணக்காரப் பொடியன் வந்திருக்கான்னு பாக்குறேன், இவரு ஏறி ஒக்காந்து பெல்ட்ட போடுறாரு. தலையில எண்ணெய், நெத்தியில திருநீறு, சேர்ட் பாக்கெட்டுல ரெண்டு பேனை. அந்தக் காருக்கும் அந்த மனுசனுக்கும் பொருத்தம் பாத்தா ஒரு பொருத்தமும் வராது.

அன்னைக்கு ராத்திரியே நான் பேரு வச்சிட்டேன். கிராம் சேர்.

ஆளு யாழ்ப்பாணம். அங்க பொஞ்சாதி, மக, மாமியார், தம்பிமார் குடும்பம்னு ஒரே வளவுக்குள்ள நெறைய சனம். இவரு மட்டும் வேலைக்குன்னு கண்டிக்கு வந்து, அணிவத்தை ஏத்தத்துல ஒரு ரூம் எடுத்து, பதினோரு வருசமா தனியா இருக்காரு. கார, நாட்ட விட்டுப் போன ஒரு ரேஸ் ஓட்டுற பொடியன்கிட்ட இருந்து வாங்கினதாம். இந்தப் பக்கம் மலையில கார் ஏத்துற போட்டி வைப்பாங்க இல்லையா, அதுல ஒரே ஒரு தடவ ஓடணுமாம். அதுக்காக பாரம் கொறைக்கிறாரு.

கொறைச்சாரு, கொறைச்சாரு, பாத்த எல்லாத்தயும் கொறைச்சாரு. பின் சீட்ட கழட்டினாரு. கீழ போட்டிருந்த கம்பளத்த உரிச்சாரு. ஸ்டெப்னி டயர எடுத்தாரு. ரேடியோவ எடுத்தாரு. சிகரட் சாம்பல் தட்டுற சின்னப் பெட்டி இருக்குமே, அதையும் நிறுத்துப் பாத்துட்டு எடுத்தாரு. ரெண்டு வைப்பர்ல ஒண்ணு இல்ல. கண்டி மழையில ஒத்த வைப்பரோட ஓட்டுற மனுசன நான் அவரத்தான் பாத்திருக்கேன். "சேர், ஒரு கண்ண கழட்டி வச்சா இன்னும் கொஞ்சம் கொறையும்"னேன். யோசிச்சிட்டு, "அது பெரிசா வராது தம்பி"னாரு. நெசமாத்தான் சொன்னாரா, எனக்குத் திருப்பிக் குடுத்தாரா, இன்னைக்கி வரைக்கும் வெளங்கல.

அவருகிட்டயும் பாரம் ஒண்ணும் இருக்காது. கையில மணிக்கூடு கட்ட மாட்டாரு. இடுப்புல பெல்ட் கெடையாது. காரோட திறப்ப, சாவியத்தான், ஒரு நூல்ல கோத்து வச்சிருப்பாரு. ஒரு நாள் கேட்டேன், சேர், மத்தத் திறப்பெல்லாம் எங்க, யாழ்ப்பாணத்து வீட்டுத் திறப்பு இல்லையான்னு. அது ரூம்ல மேசை லாச்சிக்குள்ள கெடக்குன்னாரு. கெடக்கட்டும், அது கனம்னாரு.

இதுக்கு நடுவுல பெரிய வேலை ஒண்ணு செஞ்சிருந்தாரு. பெட்டரி முன்னால எஞ்சினுக்குப் பக்கத்துல இருந்தா டர்போ சூட்டுல வெந்துரும், முன்பக்கம் பாரமும் கூடும்னு, அத தூக்கி பின்னால சாமான் வைக்கிற பூட்டுக்குள்ள, டிக்கின்னும் சொல்வாங்களே, அதுக்குள்ள வச்சிட்டாரு. நல்ல ஐடியாதான், ரேஸ்காரங்க எல்லாரும் செய்றது. ஆனா இவரு அதோட நிக்கல. பூட்ட தொறக்கிற சாவித் துவாரம், கம்பி, கைபிடி எல்லாத்தயும் அறுத்து எடுத்துட்டு, உள்ள ஒரு பட்டன் வச்சிட்டாரு. அமுத்தினா கரண்ட்ல 'டக்'குன்னு தொறக்கும். சீட்டுக்குப் பின்னால தகரம் அடிச்சு மூடியாச்சு. ஆக, பூட்ட தொறக்கணும்னா பெட்டரியில கரண்ட் இருக்கணும். பெட்டரிய தொடணும்னா பூட்ட தொறக்கணும். நான் இத கேட்டுட்டு, "சேர், வீட்ட பூட்டி சாவிய ஜன்னலால உள்ள போட்டவன் மாதிரி இருக்கு"னேன். "எண்ணூறு கிராம் மிச்சம்"னாரு.

அந்தப் பழைய பெட்டரி சாகக் கெடந்தது. அதுதான் அவரு எங்க கடைக்கு வந்த காரணம். எஞ்சின நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு சாமிக்குத்தான் தெரியும். அதனால அவரு இறக்கத்துல மட்டும்தான் நிப்பாட்டுவாரு. உருள விட்டு கியர போட்டா ஸ்டார்ட் ஆகிரும். கண்டியில இறக்கத்துக்கு என்ன பஞ்சம்? ஆனா பாருங்க, கொஞ்ச நாள்ல அவரோட ஊரே இறக்கத்துல உள்ள ஊரா மாறிருச்சு. முடி வெட்டுறது இறக்கத்துல உள்ள சலூன்ல. மரக்கறி வாங்குறது இறக்கத்துல நிக்கிற தட்டு வண்டியில. வெள்ளிக்கெழமை போற கோயில் கூட மாத்தியாச்சு. டவுன் கோயிலுக்கு முன்னால தரை சமமா இருக்குன்னு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டுல இருக்கிற கோயிலுக்குப் போனாரு. ஏரிய சுத்திப் போறது, மார்க்கெட்டுக்குப் போறது எல்லாம் விட்டாச்சு. நான் கேட்டேன், சேர், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் சண்டை வந்தா நீங்க யாரு பக்கம், இறக்கத்துல இருக்கிறவரு பக்கமான்னு. ஓம் எண்டாரு.

சனிக்கெழமை சனிக்கெழமை கடைக்கு வருவாரு. கடைக்கு முன்னால கொஞ்சம் சரிவு இருக்கு, அது அவருக்குத் தோதாப் போச்சு. வந்தா ஒரு மணித்தியாலம். நான் காட்டுவேன், அவரு வேணாம்பாரு. சாதாரண பெட்டரி பதினாலு கிலோ, பாரம். சின்ன காருக்குப் போடுற மெல்லிசு பெட்டரி ஒம்பது கிலோ, ஆனா அது இந்த எஞ்சின தூக்கி அடிக்காது, மூணு தரம் அடிச்சா மூச்சு விட்டிரும். அதோட பிளஸ்ஸும் மைனஸும் பக்கம் மாறி இருக்கு, வயர் எட்டாது. தண்ணி ஊத்தத் தேவையில்லாத மூடின பெட்டரி பூட்டுக்குள்ள வைக்க நல்லது, புகை வராது, ஆனா அது பதினேழு. கடைசியா அவருக்கு வேணும்ங்கிறது லித்தியம் பெட்டரி. மூணு கிலோ எண்ணூறு கிராம். ஒரு பூசணிக்காய் அளவு பாரம்கூட இல்ல. எங்க கடையில கெடையாது. கொழும்புல யாரோ ஒருத்தன் எப்பவாவது எறக்குவானாம்.

"அதுதான் வரோணும் தம்பி"ம்பாரு.

"வராட்டி?"

"அவசரமில்லை."

இந்த அவசரமில்லைங்கிற வார்த்தைய அவரு சொல்ற அழகு இருக்கே. நான் அத மாதிரியே பேசிக் காட்டி கடைக்கு வர்ற எல்லாரையும் சிரிக்க வச்சிருக்கேன். ஹாஜியார் கடன் கேட்டு வர்ற மச்சான்கிட்ட கூட அதே மாதிரி சொல்லப் பழகிட்டாரு.

ஆனா அவசரம் இருந்துச்சு. அத நான் அந்தச் சனிக்கெழமைகள்லயே தெரிஞ்சுக்கிட்டேன். அவரு கடையில இருக்கும்போது பொஞ்சாதிகிட்ட இருந்து போன் வரும். அந்தம்மா அங்க மருத்துவிச்சியா வேலை செய்றவங்க, வீடு வீடா சைக்கிள்ல போயி கர்ப்பிணிகள பாக்குறவங்க. குரல் போனுக்கு வெளியயும் கேக்கும். எடுத்ததும் ஒரே கேள்விதான், எப்ப வெளிக்கிடுறியள். இவரே எப்பவோ எழுதிக் கேட்ட இடமாற்றம், யாழ்ப்பாணத்துக்கே கெடைச்சிருச்சு. கெடைச்சு ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு. இவரு குனிஞ்சுக்கிட்டு, "பற்றரி இன்னும் வரேல்லை. வந்த உடன வெளிக்கிடுவன்"ம்பாரு. கார விட்டிட்டு பஸ்ஸில வாங்கோன்னு அந்தம்மா சொல்லுவாங்க. எப்பிடி விடுறது, மழையில உக்கிப் போகுமேம்பாரு. இருக்கிற ஏதோ ஒரு பற்றரிய போட்டுக்கொண்டு வாங்கோம்பாங்க. பாரம் கூடினா கார் பழுதாப் போகும்பாரு.

போன வச்சிட்டு எனக்கு வெளக்கம் வேற. "எங்கட ஊரில ஒரு சட்டியைக் கவிட்டு வைச்ச அளவுக்குக்கூட மேடு இல்லைத் தம்பி. அங்க கொண்டுபோய் நிப்பாட்டினா, நிப்பாட்டினதுதான்."

அத சொல்லும்போது அவரு கார பாக்கல. பிளேன்டீ கோப்பைய பாத்துக்கிட்டு சொன்னாரு. நான் அத அப்ப கவனிச்சேன்னு சொன்னா பொய். அப்ப நான் அடுத்தது என்ன சொல்லி சீண்டலாம்னுதான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்.

சீண்டினேன். ஒரு நாள் மொகத்த நல்லா வச்சிக்கிட்டு, சேர், நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு பொடியன்கிட்ட லித்தியம் பெட்டரி இருக்காம், ஆனா நேர்ல போனாத்தான் குடுப்பானாம்னு எடுத்து விட்டேன். அப்பிடி ஒரு பொடியனும் இல்ல, ஒரு பெட்டரியும் இல்ல. அடுத்த சனிக்கெழமை அவரு வரும்போது ஹாஜியார் என்னைய கொல்லப் போறாருன்னு நான் பின்னால ஒளிஞ்சி நின்னேன். சேரு வந்தாரு, கதிரையில ஒக்காந்தாரு, "போனனான் தம்பி, ஆள் இல்லை"ன்னாரு. நான் வெளிய வந்து, சேர் மன்னிச்சிருங்க, அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு சொன்னேன்.

"தெரியும்"னாரு.

"தெரிஞ்சா ஏன் சேர் போனீங்க?"

"றோட்டு நல்லா இருக்கு. போகேக்க ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை."

பொய் சொன்ன நான் அங்க முட்டாளா நிக்கிறேன், ஏமாந்தவரு சந்தோசமா டீ குடிக்கிறாரு.

இன்னொரு நாள் பேராதனை ரோட்டுல, சமதரையில, நடு டிராஃபிக்ல எஞ்சின் நின்னுருச்சு. எனக்கு போன் வந்துச்சு, பேசினது அவரு இல்ல, பின்னால நின்ன பஸ் கண்டக்டர் கார் கண்ணாடியில ஒட்டியிருந்த எங்க கடை ஸ்டிக்கர பாத்து அடிச்சான். நான் ஒரு பெட்டரிய த்ரீவீல்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுறேன். போயி பாத்தா பேராதனை வரைக்கும் லைன். பஸ்காரனுங்க ஹோர்ன் அடிக்கிறானுங்க, சிங்களத்துல அப்பன் பாட்டன் எல்லாரையும் விசாரிக்கிறானுங்க. கரண்ட் இல்லாததால கண்ணாடி எறங்கல. சேரு மூடின காருக்குள்ள ஒக்காந்திருக்காரு. கதவ தொறந்து எறங்கி நிக்கலாம், அது கையால தொறக்கிற கதவுதான். எறங்கல. சேர்ட் முதுகோட ஒட்டி, நெத்தித் திருநீறு வேர்வையில வழிஞ்சு, ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு கண்ண மூடி இருக்காரு. மயக்கமோன்னு பயந்து கண்ணாடியில தட்டினேன். கண்ண தொறந்து என்னைய பாத்தாரு. கதவ ஒரு இஞ்ச் தொறந்து, "அவசரமில்லைத் தம்பி, ஆறுதலாச் செய்யும்"னாரு.

நாப்பது வாகனம் கத்துது, அவரு மொகத்துல கோயில்ல இருந்து வர்ற மாதிரி ஒரு அமைதி. எனக்கு அன்னைக்குத்தான் மொத தடவையா அந்த மனுசன பாத்து சிரிப்பு வரல. கொஞ்சம் பயமா இருந்துச்சு. மாட்டிக்கிட்ட ஆளு யாராவது அப்பிடி இருப்பாங்களா?

அப்பறம் மழைக்காலம் வந்துச்சு. ரெண்டு சனிக்கெழமை அவரு வரல. மூணாவது வாரம், வெள்ளிக்கெழமை காலையில கடைக்கு ஒரு போன். பொம்பளக் குரல், யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஹாஜியார் எடுத்தாரு, "சரி அம்மா, சரி அம்மா"ன்னு எந்திரிச்சு நின்னுக்கிட்டே பேசினாரு. அந்தம்மா விடியக்காலம் பஸ்ஸுல வந்து எறங்கி இருக்காங்க. ரூம்ல தொங்கின எங்க கடை கலண்டர்ல நம்பர பாத்து அடிச்சிருக்காங்க. திங்கக்கெழமை சேரு அங்க போய் கையெழுத்து வைக்காட்டி இடமாற்றம் இல்லாமலே போயிருமாம். பாரமோ லேசோ, ஒரு பெட்டரிய கொண்டுவந்து போட்டு விடுங்கோ, நாளைக்கு இவரோடயே நான் காரில போறேன்னு சொன்னாங்களாம்.

ஹாஜியார் சாதாரண பதினாலு கிலோ பெட்டரி ஒண்ண எடுத்துக் குடுத்து, "போய் போட்டுட்டு வா, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு"ன்னு அனுப்பினாரு.

அணிவத்தை ஏத்தத்துல கார் மூக்க கீழ காட்டிக்கிட்டு நின்னுச்சு. மழையில இலையெல்லாம் ஒட்டியிருந்துச்சு. வீடு மேல, ரோட்டுல இருந்து பன்னெண்டு படி ஏறணும். படியில அந்தம்மா நின்னாங்க. ஒல்லியா, தலைய இறுக்கிக் கட்டி, கைய மடிச்சுப் புடிச்ச ஆளு. பாத்த உடனே தெரியும், வலி எடுத்தவ வீட்டுக்குள்ள போய் எல்லாரையும் வெளிய போகச் சொல்ற ஆளுன்னு. சேரு கீழ காருக்குப் பக்கத்துல, வீட்டுல கட்டுற சாரத்தோட நின்னாரு. அவர சாரத்தோட நான் பாத்ததே இல்ல. சின்ன ஆளா தெரிஞ்சாரு.

பெட்டரி முழுசா செத்திருச்சுன்னாரு. ரெண்டு கெழமை மழையில நிப்பாட்டி வச்சதுல ஒரு சொட்டு கரண்ட் இல்ல, உருட்டினாலும் ஓடாது. அப்பறம் பொஞ்சாதி பக்கம் திரும்பி, மெதுவா, பாடம் சொல்ற மாதிரி சொன்னாரு. பற்றரி செத்ததால பூட் திறக்காது. பூட் திறக்காததால பற்றரியை மாத்தேலாது. என்ன செய்யிறது. அத சொல்லும்போது அவரு குரல்ல ஒரு நிம்மதி இருந்துச்சு. கணக்கு சரியா வந்த வாத்தியார் மாதிரி.

இங்கதான் நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்.

எனக்கு அந்தம்மாகிட்ட கெட்டிக்காரத்தனம் காட்டணும். "இது ஒரு நிமிச வேலம்மா. பெட்டரி பின்னால இருந்தாலும் அதோட வயர் முன்னால எஞ்சினுக்கு வருது இல்லையா, அங்க பொனட்டுக்குள்ள நான் இந்தப் பெட்டரிய குடுத்தா கரண்ட் பின்னால போகும், பட்டன அமுத்தினா பூட் தொறக்கும். பேராதனை ரோட்டுலயும் இப்பிடித்தான் ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தேன், சேருக்குத் தெரியாதா என்ன, தெரிஞ்சும் சும்மா இருக்காரு"னேன், சிரிச்சுக்கிட்டே.

சேரு கிட்ட வந்தாரு. "வேண்டாம் தம்பி"ன்னாரு. அந்தம்மாவுக்குக் கேக்காத மாதிரி. "காரின்ர கம்பியூட்டர் எரிஞ்சு போகும்." எரியாது சேர், பயப்படாதீங்கன்னு நான் பொனட்ட தொறந்துட்டேன். அவரு என் கைய புடிக்கல. புடிச்சிருக்கலாம்.

வயர மாட்டினேன். உள்ள லைட் எரிஞ்சுச்சு. கைய விட்டு பட்டன அமுத்தினேன். 'டக்.' சர்க்கஸ்காரன் மாதிரி பின்னால ஓடிப் போயி பூட்ட தூக்கினேன்.

ஒரு மூலையில பழைய பெட்டரி, பெல்ட் போட்டு கட்டி இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு காட்போட் பெட்டி. ஒட்டின டேப் கூட வெட்டல. மேல பிளாஸ்டிக் கவருக்குள்ள வாரன்டி கார்டு, சேரோட பேரு, போன தீபாவளிக்கு முந்தின மாசத்துத் தேதி. பெட்டி மேல அச்சடிச்சிருக்கு, லித்தியம், மூணு தசம் எட்டு கிலோ. அவரு எனக்கு மாசக்கணக்கா சொல்லிக்கிட்டு இருந்த அதே சாமான். அந்தத் தேதிக்கு அப்பறம் எத்தன சனிக்கெழமை வந்து, எத்தன பெட்டரிய தூக்கி நிறுத்து, எத்தன தடவ உதட்ட பிதுக்கினாரு. போட எடுக்கிற நேரம் இருவது நிமிசம்.

நான் சேர பாத்தேன். அவரும் என்னைய பாத்தாரு. திருடன் மாட்டிக்கிட்டா முழிப்பான், தெரியுமே, அப்பிடி இல்ல. அந்த பேராதனை ரோட்டுல பாத்த மொகம், ஆனா அதுல இருந்த அமைதி மட்டும் இல்ல.

எனக்கு வாழ்க்கையில கெடைச்ச பெரிய கேலி அது. கையில கெடைச்சிருச்சு, வாய் வரல. எனக்கு என்னவோ பன்வில ஞாபகம் வந்துச்சு. ஒரு மணித்தியால பஸ்தான். மாசம் ஒரு தடவ அம்மாவ பாக்கப் போயி, மொதலாளி லீவு தர மாட்டேங்கிறாரும்மான்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறுவேன். ஹாஜியார் ஒரு நாளும் லீவு இல்லன்னு சொன்னதில்ல. நான் கேட்டதில்ல.

பூட்ட அடிச்சு மூடினேன். "இல்லம்மா, கரண்ட் போதாது, தொறக்குதில்ல"ன்னு சொன்னேன். எவ்வளவு பொய் சொன்னவன் நான், அன்னைக்கு சொன்னது மாதிரி மொக்கைப் பொய் சொன்னதில்ல. தொறந்ததே அவங்களுக்கு முன்னாலதான். கார் மூக்கு கீழ, பூட்டு மேல, படி அதுக்கும் மேல. அங்க நின்னா கெணத்துக்குள்ள பாக்குற மாதிரி எல்லாம் தெரியும்.

அந்தம்மா ரெண்டு படி எறங்கி வந்தாங்க. சேர பாக்கல. என்னையத்தான் பாத்தாங்க.

"அந்தப் பெட்டியில இருக்கிறது புதுசுதானே தம்பி?"

சேரு டயர பாத்துக்கிட்டு நின்னாரு. நான், ஆமாம்மான்னேன்.

"இந்தக் காருக்குச் சரிவருமோ?"

"இதுக்குன்னே செஞ்சதும்மா."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

இருவது நிமிசம்னு சொன்னேன். அப்ப அதையே போடுங்கோ, நீங்கள் கொண்டுவந்தத திருப்பிக் கொண்டுபோங்கோன்னு சொன்னாங்க. நான் இவரின்ரை உடுப்பை அடுக்கிறன்னு திரும்பினவங்க, நாலு படி ஏறி நின்னாங்க. இப்பத்தான் கத்தப் போறாங்கன்னு நான் ஸ்பேனர புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.

"தேத்தண்ணி குடிக்கிறியளே?"ன்னு கேட்டாங்க. அவரத்தான்.

"வேண்டாம்"னாரு.

அவங்க உள்ள போயிட்டாங்க. உள்ள அலுமாரி தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்ப பட்டன அமுத்தி பூட்ட தொறந்து, அந்தப் பெட்டியோட டேப்ப கிழிச்சேன். பெட்டரிய வெளிய எடுத்தேன். நெசமா லேசுதான், ஒத்தக் கையில தூக்கலாம். நான் அத அவருகிட்ட நீட்டினேன், நிறுத்துப் பாருங்கன்னு சொல்ற மாதிரி. அவரு வாங்கல. கிட்ட வந்து, என் தோள்ல கை வைக்காம, தோளுக்குப் பக்கத்துல கைய வச்சிக்கிட்டு நின்னாரு.

"தம்பி," அவ்வளவு மெதுவா அவரு பேசி நான் கேட்டதில்ல, "கொஞ்சம் மெதுவாச் செய்யும்."

பழைய பெட்டரிய கழட்டினேன். டெர்மினல உப்புத்தாளால தேச்சேன். சுத்தமா இருந்ததயும் தேச்சேன். பெல்ட்ட அளந்தேன், திரும்ப அளந்தேன். வயர தொடச்சேன். தூறல் வந்துச்சு, அவரு படியில ஒக்காந்து நனைஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஹாஜியார்கிட்ட இருந்து ரெண்டு தடவ போன் வந்துச்சு, நான் எடுக்கல. பள்ளிவாசல்ல பகல் பாங்கு சொல்ற சத்தம் டவுன்ல இருந்து மேல வந்துச்சு.

ஜன்னல் தொறந்துச்சு. அந்தம்மா எட்டிப் பாத்து, "முடிஞ்சுதோ தம்பி?"ன்னு கேட்டாங்க.

கடைசி நட்ட அப்பத்தான் இறுக்கி முடிச்சிருந்தேன். திரும்ப ஸ்பேனர வச்சு அத கழட்டிக்கிட்டே, "இல்லம்மா, இது ஒண்ணு பிடிக்குதில்ல"ன்னேன்.